தங்கமான மனிதர் என்று சொன்னால் போதுமா?

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இறந்துவிட்டால் நடப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு ஃபிளெக்ஸ். அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியதால் கொஞ்சம் மங்கிப்போன படம். இரண்டொரு நாளில் கூட்ட அறையில் மாலை, மௌனம், பேச்சு. எளிமையானவர், பண்பாளர், அதிர்ந்து பேசாதவர், சிரித்த முகம் மாறாதவர், தங்கமான மனிதர், அவருடைய மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு. இரங்கல் தீர்மானம் தட்டச்சாகிக் குடும்பத்துக்குப் போகும். ஒரு நகல் கோப்பில் ஏறும். அடுத்த ஆண்டு இன்னொருவர் இறக்கும்போது அந்தக் கோப்பை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. இதில் யாரும் பொய் சொல்வதில்லை. பலர் உண்மையாகவே கலங்கியிருப்பார்கள். ஆனாலும் அந்தப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற புதிய ஊழியருக்கு, இறந்தவர் என்னதான் செய்தார் என்று ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது.

இதை வெறும் சம்பிரதாயக் குறை என்று விட்டுவிட முடியவில்லை. மூத்தவரின் நல்ல குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குணமே அல்ல, முடிவுகள். கையெழுத்திடும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது. அதைக் கீழே இருப்பவரை நசுக்கவும் பயன்படுத்தலாம், தூக்கிவிடவும் பயன்படுத்தலாம். அவர் தூக்கிவிட்டிருக்கிறார் என்றால், குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட ஒரு விஷயத்தில் ஏதோ ஒரு விலை கொடுத்து அதைச் செய்திருக்கிறார். மேலிடத்தின் அதிருப்தியோ, சொந்த நேரமோ, தன் பெயருக்கு வரவேண்டிய புகழோ அந்த விலையாக இருந்திருக்கும். அதை 'இயல்பிலேயே நல்லவர்' என்று சுருக்கிவிடும்போது நமக்கு ஒரு வசதி கிடைக்கிறது. அவருக்கு அது பிறவிக் குணம், நமக்கு அப்படி வாய்க்கவில்லை என்று நகர்ந்துவிடலாம். அவர் எடுத்த முடிவுகளை விவரமாகச் சொன்னால் அந்த வசதி போய்விடும், ஏனென்றால் அதே நாற்காலியில் உட்காரும் யாரும் அதே முடிவை எடுக்கலாம். ஒரு நல்ல மூத்தவரை நினைவுகூர்வது என்றால் அவர் என்ன செய்தார் என்பதைப் பிறர் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எழுதிவைப்பதுதான் என்கிறேன்.

இதற்குத் தமிழில் ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதையே நாம் சரியாகப் படிக்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் புலவராக இருந்த தியாகராச செட்டியார் உடல்நலம் குன்றி ஓய்வுபெற முடிவு செய்தபோது, தன் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைக் கொண்டுவந்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். வயதில் ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளி. சாமிநாதையர் அப்போது திருவாவடுதுறை மடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர். அவரை விட்டுக்கொடுக்க மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு மனமில்லை. செட்டியார் நேரில் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார். கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் பரிந்துரைத்தார். கல்லூரி ஆசிரியர்கள் இளைஞரைக் கேள்வி கேட்டுச் சோதிக்கவும் இடம் கொடுத்தார். வகுப்பை எப்படி நடத்துவது என்று அறிவுரையும் சொன்னார். மடத்தில் தம்பிரான்களுக்குப் பாடம் சொல்வதும், ஆங்கிலம் படிக்கும் கல்லூரிப் பையன்கள் முன்னால் நின்று தமிழ் நடத்துவதும் ஒன்றல்ல என்பது செட்டியாருக்குத் தெரியும். 1880 பிப்ரவரி 16 அன்று சாமிநாதையர் வேலையில் சேர்ந்தார். சம்பளம் ஐம்பது ரூபாய்.

அதன் பிறகு நடந்தது எல்லாரும் அறிந்தது. அதே ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வியில் பிடித்த பிடி 1887இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், பிறகு பத்துப்பாட்டாகவும் சிலப்பதிகாரமாகவும் புறநானூறாகவும் மணிமேகலையாகவும் வளர்ந்தது. முதலியாரின் கேள்வியை எல்லாரும் சொல்கிறோம். அந்தக் கேள்வி போய்ச் சேரும் இடத்தில் சாமிநாதையர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், வேலையை விடும்போதும் தனக்குப் பின் யார் என்று யோசித்த ஒரு மூத்த ஆசிரியர். செட்டியார் 1888 ஜனவரியில் காலமானார். சிந்தாமணி அச்சில் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சாமிநாதையர் அவரைப் பற்றி 'வித்துவான் தியாகராச செட்டியார்' என்று தனி நூலே எழுதினார். அது வெளிவந்தது 1942இல், எழுதியவரின் கடைசி ஆண்டில். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நன்றியைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அதை எழுதிய விதம். 'என் சரித்திர'த்திலும் சரி, இந்த நூலிலும் சரி, செட்டியார் தங்கமான மனிதராக வரவில்லை. கண்டிப்பானவராக, மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவராக, புலமைச் செருக்கு உள்ளவராக வருகிறார். அந்தக் கண்டிப்புக்காரர் யாரிடம் போய் என்ன பேசினார், எதை எப்போது விட்டுக்கொடுத்தார் என்பது பக்கம் பக்கமாக இருக்கிறது. அதனால்தான் நாம் இன்றைக்கும் அவரைப் பார்க்க முடிகிறது.

இப்படி எழுதிவைக்க ஆளில்லாதவர்கள் எப்படி மறைந்துபோகிறார்கள் என்பதற்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். அங்கே கணக்குப் பிரிவின் தலைவராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் அறிந்தவர். மேலதிகாரி என்ற முறையில் அந்த இளைஞரை ரசித்துப் பாராட்டிவிட்டு விட்டிருக்கலாம். அவரோ அலுவலக நேரம் முடிந்த பிறகு இரவுகளில் பலகையும் கையுமாக இராமானுஜனோடு உட்கார்ந்தார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விடுபட்ட படிகளை எழுது, எழுதாவிட்டால் யாருக்கும் புரியாது என்று வற்புறுத்தினார். முன்பின் தெரியாத கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போகும் நாள் வந்தபோது, தான் கண்டதைப் பிறருக்குப் புரியும்படி எழுதும் பயிற்சி இராமானுஜனுக்குக் கொஞ்சமாவது இருந்தது என்றால் அதில் இவருக்குப் பங்கு உண்டு. ஹார்டியை ஊரறியும். நாராயண ஐயரை இராமானுஜன் வரலாற்றைத் தேடிப் படித்தவர்கள்தான் அறிவார்கள். அவர்களும் அறிந்தது, அந்தப் பலகைச் சமாச்சாரத்தை வீட்டார் நினைவில் வைத்திருந்து வாழ்க்கை வரலாறு எழுத வந்தவர்களுக்குச் சொன்னதால்தான். வீட்டார் 'அப்பா ரொம்ப நல்லவர்' என்று மட்டும் சொல்லியிருந்தால் நமக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

நம் காலத்துக்கு வந்தால் எல்லாருக்கும் தெரிந்த கதை சதீஷ் தவானுடையது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கணினி நிறுத்தச் சொன்னபோதும் ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவர்தான். செய்தியாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தது இஸ்ரோ தலைவர் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது, செய்தியாளர்களை நீங்களே சந்தியுங்கள் என்று கலாமை அனுப்பினார். கலாம் இதை எத்தனையோ மேடைகளில் சொன்னதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் நாம் அதை 'எவ்வளவு பெரிய மனசு' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் பெரிய மனசைவிடப் பெரிய நிர்வாக அறிவு தெரிகிறது. தோல்விக்குப் பிந்தைய செய்தியாளர் கூட்டத்தில் கலாமை உட்காரவைத்திருந்தால், அடுத்து நடக்கவேண்டிய தொழில்நுட்ப ஆய்வில் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவராக வந்திருப்பார். அப்படி வருகிறவர் மறைப்பார். அவர் அப்படி வராததால் ஆய்வு கறாராகவே நடந்தது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்த இடம்வரை தவறு தெரிந்தது. மேடைகளில் அதிகம் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. தோல்விக்குப் பிறகும் திட்ட இயக்குநர் மாறவில்லை. விழுந்ததற்குப் பொறுப்பானவரே அடுத்த ராக்கெட்டையும் ஏவினார். கேமரா முன்னால் பழியை ஏற்பது ஒரு நாள் வேலை. பதினொரு மாதம் அதே ஆளை அதே இடத்தில் வைத்திருப்பது தினமும் எடுக்கவேண்டிய முடிவு. தவான் 2002 ஜனவரியில் மறைந்தார். அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்தது நல்லதுதான். ஆனால் தவான் எப்படி வேலை வாங்கினார் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது.

மூத்தவர் பெண்ணாக இருந்துவிட்டால் இந்தச் சுருக்கம் இன்னும் மோசமாகிறது. அவருக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைக்கும்: அம்மா. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் தாய்மையும் தியாகமும் நிரம்பி வழிந்தன. அவர் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார், எளிமையாக வாழ்ந்தார், எல்லாம் உண்மை. ஆனால் அவர் 1955இல், தேர்வெழுதிக் கிடைத்த அரசு மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு படுக்கைகளோடு அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு நிறுவனத்துக்கு வந்தது தாயன்பால் அல்ல. இந்த நோயோடு போராடத் தனித் துறை வேண்டும் என்ற தொழில் முடிவால். சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பதிந்துவரும் பதிவேட்டுக்குத் துணைநின்றது, குழந்தைகளுக்கான புற்றுநோய்ச் சிகிச்சையைத் தனியாக வளர்த்தது, பணம் இல்லாதவருக்கும் அதே மருந்து என்பதை நிறுவனத்தின் விதியாகவே ஆக்கியது ஆகியவைதான் அவரோடு வேலை செய்த இளைய மருத்துவர்களுக்குக் கிடைத்த பாடம். அம்மா என்று கூப்பிட்டவர்களின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆண் மருத்துவர் ஒருவர் இதே பதிவேட்டை நடத்தியிருந்தால் அஞ்சலியில் பதிவேடு முதலில் வந்திருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

துக்க வீட்டில் கணக்கு வழக்கு பேசச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாவு நடந்த மூன்றாம் நாள் குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்ற இங்கிதம் வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றும் யோசிக்கலாம். அவர்கள் அவரை வீட்டில் பார்த்தவர்கள். சிரித்த முகம் என்பது அவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போனவர் போன இடத்தில் என்ன செய்தார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாத பாதி. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டும்தான். போனவரைக் குறை சொல்லலாமா என்பதற்கும் இதே பதில் பொருந்தும். சாமிநாதையர் செட்டியாரின் கண்டிப்பை எழுதியதால் செட்டியார் சிறுத்துப்போகவில்லை. குறையே இல்லாதவர் என்று எழுதினால்தான் படிப்பவர் நம்பமாட்டார்.

விவரம் எழுதுவது நம் வழக்கமல்ல, வெள்ளைக்காரன் பத்திரிகையிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் அவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அனுப்பலாம். செங்கம் பகுதி நடுகற்கள் இறந்தவனை 'மாவீரன்' என்று பொதுவாகப் புகழ்வதில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப்போய்ப் பட்டான் என்று வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்த செய்தியும் கல்லில் இருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாய் செய்த வேலை நமக்குத் தெரிகிறது. போன மாதம் ஓய்வூதியப் பலன்களோடு போய்ச் சேர்ந்த கண்காணிப்பாளர் செய்த வேலை தெரியவில்லை.

இவற்றைவிட வலுவான மறுப்பு வேறு ஒன்று. செட்டியார் செய்தது என்ன? தன் குருவின் இன்னொரு மாணவருக்குத் தன் வேலையை வாங்கிக்கொடுத்தார். இன்று ஓர் அரசுக் கல்லூரியில் அப்படி நடந்தால் அதற்குப் பெயர் அன்பு இல்லை, சிபாரிசு. நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும். 1880இல் யாரெல்லாம் அந்த இடத்தைக் கனவு காணக்கூட முடியாமல் இருந்தார்கள் என்று எண்ணினால் அந்தக் கனிவின் வட்டம் எவ்வளவு சின்னது என்பது விளங்கும். இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூத்தவர்களின் கருணை பல இடங்களில் தன் ஊர், தன் சாதி, தன் மாணவர் பரம்பரை என்ற எல்லைக்குள்ளேயே ஓடியிருக்கிறது; அதனால் பலன் பெற்றவர்கள் மேடையேறி அவரைத் தெய்வம் என்கிறார்கள், பெறாதவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. ஆனால் இதுவும் விவரம் வேண்டும் என்பதற்கான காரணமாகத்தான் எனக்குத் தெரிகிறது. தங்கமான மனிதர் என்று மட்டும் எழுதியிருந்தால் செட்டியாரின் செயலை இன்று எடைபோடவே முடியாது. அவர் செய்தது எழுத்தில் இருப்பதால் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆளைத் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்ததை விட்டுவிடலாம்; அதற்குத் தேர்வாணையமும் இட ஒதுக்கீடும் வந்துவிட்டன. வந்தவரைப் பிறர் சோதிக்க விட்டது, புது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்தது, தன் காலத்துக்குப் பின்னும் வேலை நடக்கவேண்டும் என்று நினைத்தது ஆகியவற்றை விதி எழுதி யாரிடமிருந்தும் வாங்க முடியாது. தேர்வெழுதி வந்த இளைஞனுக்கும் கோப்பு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். அதை யார் வந்தாலும் செய்தாரா, தன் ஆட்களுக்கு மட்டும் செய்தாரா என்ற கேள்வியும் விவரம் இருந்தால்தான் எழும்.

நல்லது செய்தவர் விளம்பரம் வேண்டாம் என்று இருந்தவராயிற்றே, அதை இப்போது கொட்டி முழக்கலாமா என்றும் கேட்பார்கள். கைமாற்றாகக் கொடுத்த பணம், ஒருவருடைய வீட்டுச் சிக்கலில் காட்டிய பரிவு இவையெல்லாம் பெற்றவருக்கும் சொந்தமான ரகசியங்கள். அவற்றை வெளியே இழுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒருவர் தணிக்கைக் குறிப்புக்கு எப்படிப் பதில் எழுதினார், இடமாறுதல் பட்டியலை எந்த ஒழுங்கில் போட்டார், இளையவர் தயாரித்த அறிக்கையில் இளையவர் பெயரே மேலே இருக்கவேண்டும் என்று எப்போது அடம்பிடித்தார் என்பவை அலுவலகத்தின் சொத்து. அவற்றைச் சொல்வது தன்னடக்கத்துக்கு எதிரானது அல்ல.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன கதைகளில் பலவும் நமக்குத் தெரிந்திருப்பது கை தூக்கிவிடப்பட்டவர்கள் பெரிய ஆட்களானதால். சாமிநாதையர் எழுதினார், கலாம் பேசினார். தூக்கிவிடப்பட்டும் சாதாரணமாகவே இருந்து ஓய்வுபெற்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. குடியரசுத் தலைவராகி மேடையும் ஏறுவதில்லை. ஒரு மூத்தவர் உண்மையில் எப்படி இருந்தார் என்பதற்கு அவர்கள்தான் சரியான சாட்சி. ஆகவே இரங்கல் கூட்டத்தில் துறைத் தலைவரும் சங்கச் செயலாளரும் பேசிமுடித்த பிறகு, ஓராண்டுக்குள் யாராவது ஒருவர் உட்கார்ந்து பத்துப் பேரிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதவேண்டும். பணி நிறைவு விழா மலர்களுக்குச் செலவாகும் தாளில் இதற்கு இடம் கிடைக்கும். கேட்கும் பத்துப் பேரில் அலுவலக உதவியாளரும், தற்காலிகப் பணியில் வந்து போனவரும், இறந்தவர் விடுப்பு மறுத்த ஒருவரும் இருப்பது நல்லது. விடுப்பை மறுத்தபோது காரணம் சொன்னாரா, அடுத்த முறை நினைவாகக் கொடுத்தாரா, இல்லை மறந்தே போனாரா என்று அந்த ஒருவரிடம்தான் கேட்க முடியும்.